யாரு வூட்டுப் பொண்ணு நீ

எங்கள் தெருவுக்கு சிசிடிவி கேமரா கேட்டு மனு கொடுக்கலாம் என்று ஒருமுறை டீக்கடையில் பேச்சு வந்தது. “எதுக்கு தண்டமா, அதான் அக்கா கீதே” என்று ஒருத்தர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மனு அங்கேயே செத்தது.

திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் சந்துகளில் எங்களுடையதும் ஒன்று. மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க நகராமல் நிற்கும். அந்த டிரைவர்களுக்கு இட்லி விற்றுத்தான் அக்கா தன் பெண்களைக் கட்டிக் கொடுத்தாள். அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் ஆட்களுக்கே யாரென்று தெரியாது. ‘என்கொயரி அக்கா’ என்றால்தான் தெரியும். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரி கூப்பிட்டதும் இல்லை.

சிலருக்கு சுகர் இருக்கும், சிலருக்கு பிரஷர் இருக்கும். அக்காவுக்குக் கேள்வி இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குக் குழந்தை இல்லையென்றால், ஏன் இல்லை என்பது தேரடி ஸ்டாப் வருவதற்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். சாவு வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு, “கடைசியா இன்னா சாப்டாரு?” என்பாள். பிரைவசி என்றால் என்ன என்று நான் ஒருதடவை உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் பெரிய வூடு கீறவங்களுக்கு” என்று சட்னி அரைக்கப் போய்விட்டாள்.

தெருமுனையில் இருந்த கருப்புத் தண்ணீர் டேங்க்தான் அவளுடைய கோர்ட்டு. லாரி வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும். லாரி வருவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அக்கா டேங்க் மேடையில் குந்திக்கொண்டு வரிசையைப் பார்த்துக்கொள்வாள். இந்தப் பதவியை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை, பிடுங்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. புதுக் குடம் ஒன்று தெரிந்தால் அதற்குப் பின்னால் நிற்கிற முகத்தைத் தேடுவாள்.

“யாரு வூட்டுப் பொண்ணு நீ?”

அங்கே ஆரம்பிக்கும். எந்த ஊர், எதற்கு வந்தாய், அம்மா இருக்கிறாளா, போன் பேசுகிறாயா, காலையில் என்ன சாப்பிட்டாய். கல்யாணமாகி வந்த ஒரு பெண் குடத்தை அப்படியே போட்டுவிட்டு அழுதாள். “எங்க மாமியாரே இவ்ளோ கேக்கலக்கா.”

“ஒங்க மாமியாருக்கு ஆளு வந்தா போதும். எனக்கு வந்த ஆளு யாருன்னு தெரியணும்.”

என்னையும் விடவில்லை. காலேஜில் கூடப் படித்தவன் ஒருத்தன் பைக்கில் என்னை முனையில் இறக்கிவிட்டுப் போனான். அக்கா பையனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ஹெல்மெட்டு ஒண்ணுதான் கீதா?” என்றாள். ஆமாம் என்றேன். “அத்த அவன் மாட்டிகினான். அப்போ நீ வுயுந்தா பரவால்லையா?” எனக்கு வந்த கோபத்தில் அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. அந்த ஒரு மாதத்துக்குள் அவனோடும் பேச்சு நின்றுவிட்டது. கேள்வி மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது.

இப்படிப்பட்ட தெருவுக்குத்தான் அந்த மேஸ்திரி குடிவந்தான். மளிகைக்கடை அண்ணாச்சியின் மாடி வீடு. அவன் மட்டும் வரவில்லை. எண்ணூர் பக்கம் ஏதோ ஒரு இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலைக்கென்று வடக்கிலிருந்து கூட்டிவந்த பெண்கள், ஒரு வீடு நிறைய. காலையில் வேன் வரும். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு மாடிப்படியிலிருந்து நேராக வேனுக்குள் போவார்கள். சாயங்காலம் வேனிலிருந்து நேராக மாடிக்கு. கடைக்கு வருவதில்லை, கோயிலுக்கு வருவதில்லை. தண்ணீருக்கும் வருவதில்லை. தண்ணீரை மேஸ்திரியே தூக்கினான்.

எங்கள் தெருவில் ஒரு ஆம்பளை குடம் தூக்குவது சாதாரண விஷயமில்லை. முதல் நாள் வரிசையே அவனுக்கு வழிவிட்டது.

“பாருமே, இத்தினி பொண்ணுங்க கீது, ஒண்ணயாச்சும் வேல வாங்குறானா?”

“எங்கூட்லயும் ஒண்ணு கீது. குடத்த நவுத்தி வெய்யின்னாலே அத்துக்கு இடுப்பு புடிச்சிக்கும்.”

“நீ மொதல்ல புடிச்சினு போப்பா. பாவம்.”

அவன் கும்பிடுவான். “இருக்கட்டும்கா. பொண்ணுங்க கையெல்லாம் ஐஸ்ல வெந்து போயிருக்கு. அதுங்கள எப்படிக்கா தூக்கச் சொல்றது?”

அவ்வளவுதான். தெருவே உருகி ஓடியது. வீட்டுக்கு வீடு புருஷன்களுக்கு மேஸ்திரியை வைத்து அர்ச்சனை நடந்தது. எதிர்வீட்டு மாமா ரோஷத்தில் ஒரு நாள் ஒரே ஒரு குடம் தூக்கினார். அதை வாரம் முழுக்கச் சொல்லிக் காட்டினார். அந்தப் பெண்கள் ஏன் தலையைக் குனிந்தபடியே வேனில் ஏறுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ‘நல்ல ஒயுக்கமா வெச்சிருக்கான்’ என்று அதற்கும் அவனுக்குத்தான் மார்க்.

அக்காவுக்கு முதலில் சந்தேகமெல்லாம் ஒன்றும் இல்லை. வெறும் கடுப்பு. வீடு நிறையப் பெண்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள், ஒருத்தியைக்கூட விசாரிக்க முடியவில்லை. பெண்கள் கிடைக்காததால் அவனையே விசாரித்தாள். எந்த ஊர், எப்படிப் பழக்கம், இவர்களுடைய அப்பா அம்மா யார், லீவு உண்டா. அவன் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். மறுநாளும் சொன்னான். அதற்கும் மறுநாளும்.

அன்றைக்கு இட்லிப் பானையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். “இவன் சரியில்லடி.”

“ஏன்கா? கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றான்ல?”

“அதான் சொல்றேன். நான் ஒன்ன கேட்டா நீ எரிஞ்சி வுயுறே. ஒங்கம்மா மூஞ்ச திருப்பிக்குறா. ஒயுங்கா கீறவன் எவனா இருந்தாலும், ‘ஒனக்கு இன்னாமே அத்தப்பத்தி’ன்னு கேப்பான். இவன் ஒரு தபாகூட கோச்சிக்கல. எல்லாத்துக்கும் ரெடியா வெச்சிகினு கீறான்.”

மறுநாள் டேங்க் மேடையில் புதுச் சட்டம் வந்தது. “இன்னிலருந்து யாரு குடிக்கிறாங்களோ அவங்கதான் வந்து தூக்கணும். ஆம்பள குடம் லைன்ல கெடயாது.”

அவனை ஒரு வார்த்தை சொன்னதற்கு வரிசை அவள் மேல் பாய்ந்தது. “ஒரு நல்லவன் இந்தத் தெருவுல இருந்தா ஒனக்கு ஆவாதா?” என்று ஒருத்தி குடத்தைத் தரையில் அடித்தாள். அக்கா எழுந்து நின்று மேஸ்திரியின் குடத்தை எடுத்து, கவிழ்த்து, ஓரமாக வைத்தாள். அவன் அப்போதும் சிரித்தான்.

சில நாட்கள் கேன் தண்ணீர் வாங்கி ஓட்டிப் பார்த்தான். அத்தனை பேருக்கு அது கட்டுப்படி ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடியிலிருந்து ஒரு பெண் குடத்தோடு இறங்கி வந்தாள். பச்சைச் சுடிதார், நெற்றியில் ஒரு பழைய தழும்பு. அவன் அண்ணாச்சிக் கடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் எங்கள் வீட்டுக் குடத்தோடு அவளுக்குப் பின்னால் நின்றேன். என் தங்கச்சி ஒன்பதாவது படிக்கிறாள். இவளைப் பார்த்தால் அவளோடு ஸ்கூலுக்குப் போக வேண்டியவள் மாதிரி இருந்தாள்.

அக்கா பைப்பைத் திறந்துவிட்டு, லாரி டிரைவர்களிடம் பொறுக்கிய ஹிந்தியில் தன் கேள்வியைக் கேட்டாள். யார் வீட்டுப் பெண் நீ? அந்தப் பெண் கடை ஓரத்தை ஒருமுறை பார்த்தாள். தலையை நிமிர்த்தாமல், குடத்துக்குள் சொல்வது போல ஏதோ கேட்டாள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இது எந்த ஊருன்னு கேக்குதுடி.”

எத்தனையோ காலமாக அந்த வரிசையில் கேட்கப்பட்ட கேள்விகளில் இது மட்டும் இல்லை. அக்கா திருவொற்றியூர் என்றாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சென்னை என்றாள். பிறகு மெட்ராஸ் என்றாள். அந்தப் பெண் உதட்டை மட்டும் அசைத்து அதைச் சொல்லிப் பார்த்தாள். ஹைதராபாத் என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்களாம். கதவை வெளியே பூட்டுகிறார்கள், போனையும் ஆதார் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒருத்திக்கு நாலு நாளாக ஜுரம், வீட்டுக்குப் போகணும். குடம் நிரம்புவதற்குள் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கடை ஓரத்திலிருந்து அவன் குரல் கொடுத்தான். முக்கால் குடத்தோடு அவள் போய்விட்டாள்.

அக்கா வீட்டுக்குப் போய் தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறப் போனாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். காலேஜ் விழிப்புணர்வு ஊர்வலத்தில் அட்டெண்டன்ஸுக்காக ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்திருக்கிறேன். அட்டையில் குழந்தைகள் உதவி எண் இருந்தது. அது மட்டும் எப்படியோ ஞாபகத்தில் தங்கியிருந்தது. அக்காவின் அடுப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். எடுத்த பெண் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வீடு எங்கே, வேன் எப்போது வரும், வண்டியில் என்ன எழுதியிருக்கிறது, கதவை யார் பூட்டுகிறார்கள். கடைசியில், “நீங்க யாரும் போய் சண்டை போடாதீங்க. அவங்க உஷாராயிட்டா பொண்ணுங்கள வேற இடத்துக்கு மாத்திடுவாங்க. டீம் வர்ற வரைக்கும் எதுவும் தெரியாத மாதிரியே இருங்க” என்றாள்.

போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். “ஒண்ணும் கேக்கக்கூடாதா?”

“ஒண்ணும் கேக்கக்கூடாதுக்கா.”

அப்படித்தான் அக்கா வாயை மூடினாள். வெற்றிலையை அடக்கிக்கொண்டு டேங்க் மேடையில் உட்கார்ந்தாள். புதுக் குடம் வந்தது, பார்த்தாள், விட்டுவிட்டாள். தெரு பயந்துபோனது. ஒருத்தி கஷாயம் கொண்டுவந்தாள். தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்று ஒருத்தி சொன்னாள். ஆம்பளை குடச் சட்டத்தை அக்காவே வாபஸ் வாங்கினாள். மேஸ்திரி மறுபடி வந்தான்.

“என்னக்கா, பேச்சே காணோம்?”

“பல்லு வலிப்பா.”

அவன் குடம் நிரம்பும் வரை அவள் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் பேசினது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை வேனில் பச்சைச் சுடிதார் இல்லை. ஜுரத்தில் படுத்திருந்த பெண்கூட அன்றைக்குத் தள்ளாடி ஏறினாள். இவள் ஏறவில்லை. சாயங்காலம் இறங்கவும் இல்லை. அக்கா என்னிடம் வந்து நின்றாள். நான் மறுபடி போன் செய்தேன். நாங்கள் சொன்னது மேலே போயிருக்கிறது, போலீஸும் தாலுகா ஆபீஸும் சேர்ந்து வரவேண்டும், தயவுசெய்து பொறுங்கள் என்றார்கள். நானும் பொறுத்தேன், அவளும் பொறுத்தாள். மாடியில் இன்னும் ஒரு வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். வாயைத் திறந்தால் அவர்களும் போவார்கள்.

அந்த வாரக் கடைசியில் வந்தார்கள். வேன் கிளம்புகிற நேரம். இரண்டு ஜீப், பெண் போலீஸ், கையில் ஃபைலோடு ஒரு மேடம். மேஸ்திரியை நடுத்தெருவில் உட்கார வைத்தார்கள். அவன் அப்போதும் சிரிக்கத்தான் பார்த்தான், உதடுதான் ஒத்துழைக்கவில்லை. பெண்கள் மாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஐஸில் ஊறி வெளுத்த கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு இறங்கினார்கள். குடத்தைத் தரையில் அடித்தவள் என் காதில், “எனக்கு அப்பவே டவுட்டுதான்” என்றாள்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பெண் இறங்கியதும் நேராக அந்த மேடத்திடம் போனாள்.

“மேடம், இன்னொரு பொண்ணு கீது.”

“மாடியில யாரும் இல்லம்மா, பாத்துட்டோம்.”

“இங்க இல்ல. செவ்வாக்கெயமலேருந்து காணோம். அதுதான் எங்ககிட்ட சொல்லுச்சி. அது சொல்லித்தான் நாங்க போன் பண்ணோம்.”

மேடம் நல்லவள். பேனாவைத் திறந்தாள். “பேர் என்ன?”

அக்கா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது. எங்கள் வரிசையில் பெயர் தேவைப்பட்டதே இல்லை. யார் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிட்டால் போதும், மீதியைத் தெரு பார்த்துக்கொள்ளும். அந்தப் பெண்ணுக்குத் தெருவே இல்லை. ஊர்கூட நாங்கள் சொல்லித்தான் தெரிந்தது. அதைச் சொன்ன அதிர்ச்சியில் அக்கா பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டாள்.

“நெத்தில தழும்பு, மேடம். இங்க. பச்ச சுடிதாரு.”

“பேர் இல்லாம எப்படிம்மா எழுதுறது?” என்றாலும் எழுதிக்கொண்டாள். மற்ற பெண்களிடம் கேட்டார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்கு அனுப்பியாயிற்று என்று மேஸ்திரி சொன்னானாம். அவனும் அதையே சொன்னான். மாடியில் கிடைத்த ஆதார் கார்டுகளில் அவளுடையது இல்லை. மாடியில் அவளைக் கூப்பிட்டது செல்லப்பெயர். அந்தப் பெயரில் அவர்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தி உண்டாம்.

அதற்குப் பிறகு அக்கா இட்லிக் கடையை மூடிவிட்டு ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தாள். “ஊருக்குப் போயிருக்கும்மா” என்பார்கள். “எந்த ஊருக்கு?” என்பாள். “வந்துடுச்சுப்பா என்கொயரி” என்று அங்கேயும் சிரித்தார்கள். அந்தப் பெயர் அங்கே எப்படிப் போனது என்று தெரியவில்லை.

தெரு இன்னும் வேகமாக அவளுக்கு எதிராகத் திரும்பியது. இறால் கம்பெனியைச் சீல் வைத்தபோது எங்கள் பெண்கள் சிலருக்கும் வேலை போனது. அண்ணாச்சி மாடிக்குக் குடித்தனம் வரவில்லை. ‘கேட்டுக் கேட்டே ஊரக் கெடுத்தவ’ என்றார்கள். அவளுடைய குடத்தை வரிசையில் வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்துகொண்டது. ஒருநாள் அக்காவின் வீட்டு ஓனர் வந்து பையனுக்குக் கல்யாணம், வீடு தேவைப்படுகிறது என்றார். பையன் அப்போது பிளஸ் டூ. அக்கா எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. புளியந்தோப்பில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். மேஸ்திரிக்கு ஜாமீன் கிடைத்தது. கம்பெனி வேறு போர்டு மாட்டித் திறந்தது. எங்கள் பெண்கள் திரும்ப வேலைக்குப் போகிறார்கள்.

அடுத்த வருஷம் எங்கள் காலேஜில் மனிதக் கடத்தல் தடுப்பு விழா வைத்தார்கள். சாதாரணக் குடிமக்கள் விழிப்போடு இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு உதாரணமாக அக்காவைக் கௌரவிக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்கள். நான் புளியந்தோப்புக்குப் போய் ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்தேன். வழியில், “அங்க பெரிய ஆபீசருங்க வருவாங்களா?” என்று மட்டும் கேட்டாள். வருவாங்க என்றேன்.

மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குப் பேசத் தெரியாது, கேக்கத்தான் தெரியும். அந்த மாடிலேருந்து எறங்குன பொண்ணுங்கள்ல ஒருத்தி கொறையுது. நெத்தில தழும்பு கீது. இது எந்த ஊருன்னு என்னாண்ட கேட்டுச்சி, நான் சொன்னேன். அப்பால அது இல்ல. நான் லைனுக்கு வரச்சொல்லலன்னா அது என்னாண்ட பேசியிருக்காது. பேசலன்னா அத்த மட்டும் இட்டுனு போயிருக்க மாட்டான். ஊருக்குப் போயிடுச்சின்றாங்க. எந்த ஊருக்கு? யாரு இட்டுனு போனா? இங்க பெரியவங்கல்லாம் குந்தினு கீறீங்க. யாருக்குனா தெரியுமா?”

ஹாலில் எல்லோரும் கைதட்டினார்கள். தொகுப்பாளினி மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு, “எளிமையான, நெஞ்சைத் தொடும் வார்த்தைகள். இன்னொரு முறை பலத்த கரவொலி” என்றாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அக்கா இறங்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களை ஒருவர் ஒருவராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் வரும் என்று நினைத்தாள். வாலன்டியர் ஒருத்தி வந்து முழங்கையைத் தொட்டாள், அக்கா அசையவில்லை. சிறப்பு விருந்தினர் சிரித்துவிட்டுப் போனைப் பார்த்தார். நன்றியுரை நடந்தது. அக்கா நின்றாள். அதற்குள் நாட்டுப்பண் போட்டுவிட்டார்கள், மொத்த ஹாலும் எழுந்து நின்றது.

அந்த போட்டோதான் மறுநாள் காலேஜ் குரூப்பில் வந்தது. எல்லோரும் விறைப்பாக நிற்கிறார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் அக்காவும் அதற்காகத்தான் நிற்கிறாள் என்று நினைப்பார்கள்.